ஏழு வயது வாசகருக்குத் தமிழில் என்ன இருக்கிறது?

தமிழ்ச் சிறார் இலக்கியத்துக்கு இது நல்ல காலம். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ என்று 2023 முதல் 2025 வரை பால சாகித்திய புரஸ்கார் பெற்ற மூன்று நூல்களைப் பார்த்தாலே தெரியும், நம் எழுத்தாளர்கள் நீதிக்கதைகளின் பிடியிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறார் நூல் அரங்குகளில் நிற்க இடம் கிடைப்பதில்லை. இதையெல்லாம் கொண்டாடத்தான் வேண்டும்.

ஆனால், அந்த அரங்கில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏழு வயதுக் குழந்தை, எழுத்துக்கூட்டித் தானே படித்து முடிக்கக்கூடிய தமிழ்ப் புத்தகங்கள் அங்கே எத்தனை? மேலே சொன்ன மூன்றும் நாவல் அல்லது கதைத் தொகுப்பு. தடையில்லாமல் வாசிக்கிறவர்களுக்கானவை. அதற்குக் கீழே இறங்கினால் அடுத்து வருவது அரிச்சுவடிதான். சிவகாசியில் அச்சாகி ஊரெல்லாம் தொங்கும் அந்தப் படங்களில் இன்றும் உ என்றால் உரல். அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை அதைக் கண்ணால் கண்டிருக்காது. ஔ-வுக்கு ஔவையாரை விட்டால் ஆளில்லை. போகட்டும், அரிச்சுவடியால் கெடுதல் ஒன்றுமில்லை. அரிச்சுவடிக்கும் நாவலுக்கும் நடுவே கிடக்கும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை. படம் பாதிக் கதையைச் சொல்ல, எழுத்து மீதிக் கதையைச் சொல்ல, முதல்முறையாகத் தானே ஒரு புத்தகத்தை வாசித்து முடித்தேன் என்று ஒரு குழந்தை துள்ளுகிற வயது அது.

தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றது 2022-ம் ஆண்டின் ஏசர் ஆய்வு. அதன் முறைமை பற்றிச் சர்ச்சைகள் உண்டு. கொரோனாவுக்குப் பிந்தைய கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. 2024 ஆய்வில் நிலைமை தேறியிருந்தது. தேறிய பிறகும், வாசிக்க இயலாதவர்களே மிகப் பெரும்பான்மை. கொரோனாக் காலக் கற்றல் சரிவைச் சரிசெய்ய 2022-ல் அரசு கொண்டுவந்ததுதான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். எழுத்தைக் கற்றுக்கொடுக்கப் பாட்டு, விளையாட்டு, அட்டை எல்லாம் வந்துவிட்டன. கற்ற எழுத்தைக் கொண்டுபோய்ச் செலவழிக்க ஓர் இடம் வேண்டுமல்லவா? பாடநூலின் பயிற்சிப் பக்கத்தில் செலவழிக்க எந்தப் பிள்ளைக்கும் ஆசை வராது.

படக்கதைப் புத்தகம் என்றாலே ‘படம் போட்ட கதைப் புத்தகம்’ என்று நாம் புரிந்துகொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1968-ல் ‘ரோஸிஸ் வாக்’ என்றொரு புத்தகம் செய்தார். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு வீடு திரும்புகிறது. மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். படத்தைப் பார்த்தால் கோழிக்குப் பின்னால் ஒரு நரி. பக்கத்துக்குப் பக்கம் பாய்கிறது. மண்வாரியில் அடிபடுகிறது, குளத்தில் விழுகிறது, மாவு மூட்டை கொட்டி வெள்ளையாகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. கோழிக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது என்பதுபோல் பாவனை. பார்க்கிற குழந்தைக்கு மட்டும் தெரியும். வாசிக்கத் திணறுகிற ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரால் கொடுக்க முடியும்? பெரியவர்கள் வாசிக்கும் எழுத்தைவிட அதிகமான விஷயம் அதன் கையில் இருக்கிறது.

நம்முடைய பெரும்பாலான புத்தகங்களில் என்ன நடக்கிறது? ‘ராமு மரத்தில் ஏறினான்’ என்று எழுத்து சொன்னால், ராமு மரத்தில் ஏறுகிற படம். எழுத்து சொன்னதையே படம் வழிமொழிகிறது. குழந்தைக்கு எழுத்தை வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை, படத்தைத் துழாவ வேண்டிய அவசியமும் இல்லை. இன்னும் சில நூல்களில் ஒரு பக்கம் முழுக்க நெருக்கமான எழுத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு படம். 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வின் ஓவியங்கள் இன்றும் நம் கண்ணில் நிற்கின்றன, சங்கர் வரைந்த விக்ரமாதித்தனும் வேதாளமும் யாருக்கு மறக்கும்? ஆனால் அது பாட்டியோ அக்காவோ வாசித்துக் காட்டவும், நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் தானே வாசிக்கவும் வந்த பத்திரிகை. புது வாசகருக்கு அது ஒரு பொருட்காட்சி. படங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியதுதான்.

வாசித்துக் காட்டும்போது சிறு குழந்தைகள் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதைக் கனடாவில் கண்ணசைவுகளைக் கருவியால் பதிவுசெய்து 2005-ல் காட்டினார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு இது கருவி இல்லாமலே தெரியும். கண்ணைப் படத்திலிருந்து எழுத்துக்கு இழுத்துவர என்ன வழி என்பதுதான் இந்த வகைப் புத்தகத்தின் முழுக் கலையும்.

அந்தக் கலைக்கான சரக்கு நம்மிடம் எப்போதோ இருக்கிறது. ஈ தன் பெயரை மறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மெழுகும் மும்முரத்தில் ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. கன்றைக் கேட்கிறது. கன்றுக்குத் தெரியவில்லை, தாய்ப்பசுவைக் கேட்கச் சொல்கிறது. பசு மேய்ப்பவனைக் காட்டுகிறது, மேய்ப்பவன் கையிலிருக்கும் கோலைக் காட்டுகிறான், கோல் மரத்தை, மரம் கொக்கை, கொக்கு குளத்தை, குளம் மீனை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஊருக்கு ஊர் வரிசை மாறும். எப்படி மாறினாலும் முடிவில் குதிரை வரும், அதன் வயிற்றில் குட்டி வரும், கனைப்பில் ஈயின் பெயர் வெளியே வரும்.

புது வாசகருக்காகவே யாரோ உட்கார்ந்து திட்டமிட்டதுபோல இருக்கிறது இந்த அமைப்பு. ஒவ்வொரு முறையும் முந்தைய வரிசை முழுவதும் திரும்ப வருகிறது. கடைசியில் ஒரே ஒரு சொல் மட்டும் புதிது. அந்தப் புதுச் சொல் எது என்று பக்கத்துப் படம் காட்டிக்கொடுக்கிறது. நாலாவது பக்கத்தில் குழந்தை வாசிக்கிறதா, மனப்பாடமாகச் சொல்கிறதா என்றே பிரித்தறிய முடியாது. சொன்னபடியே விரல் எழுத்தின் மேல் நகர்கிறது, ஏதோ ஒரு நொடியில் சொல்வது வாசிப்பதாக மாறிவிடுகிறது. அதோடு, தேடப்படும் விடை தமிழின் ஒற்றை உயிரெழுத்து. ஒரு நல்ல ஓவியர் அந்த எழுத்தை மரக்கிளையிலும் குளத்தலையிலும் கொக்கின் சிறகிலும் ஒளித்துவைத்தால், ஈக்குத் தெரியாத விடை முதல் பக்கத்திலிருந்தே குழந்தைக்குத் தெரிந்திருக்கும். ஹட்சின்ஸின் நரி செய்த வேலையை அந்த ஈ செய்துவிடும். இந்தக் கதை எத்தனையோ தொகுப்புகளில் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பக்கத்தில் அடைத்து, மூலையில் ஒரு குதிரைப் படத்தோடு.

அடுத்தது எளிமை. எது எளிய புத்தகம் என்பதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் வாசிப்புப் புத்தகங்கள் சலிப்பூட்டுகின்றன என்று ஜான் ஹெர்சி 1954-ல் ‘லைஃப்’ இதழில் எழுதினார். அந்தச் சர்ச்சையின் விளைவாக டாக்டர் சூஸ் வெறும் 236 வெவ்வேறு சொற்களைக் கொண்டு 1957-ல் ‘தி கேட் இன் தி ஹேட்’ புத்தகத்தை எழுதினார். பிறகு பந்தயம் கட்டி 50 சொற்களில் இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுத்தும் உச்சரிப்பும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு சொல்லையும் முகம் பார்த்துப் பழக வேண்டும். எனவே சொற்களைக் குறைத்தால் சுமை குறையும். அங்கே அது சரி.

தமிழில் எழுத்துகள் தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் ஒலித்துவிடலாம். இங்கே சுமை சொல்லின் எண்ணிக்கையில் இல்லை, சொல்லின் நீளத்தில் இருக்கிறது. ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பது ஒரு சொல்தான். ஆனால் 11 எழுத்து. பதினோராவது எழுத்துக்கு வந்துசேரும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கும். ஆங்கிலத்தில் முதல் படிக்கென்று எழுதப்பட்ட கதை, பக்கத்துக்கு ஆறு சொல் என்ற கணக்கு மாறாமல் தமிழுக்கு வந்து மூன்றாம் படி ஆகிவிடுவது இப்படித்தான். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளம் எத்தனையோ மொழிகளில் இலவசமாகக் கதைகளைத் திறந்துவிட்டது. அது பெரிய காரியம். ஆனால், அதன் நான்கு வாசிப்புப் படிகளைத் தமிழுக்கென்று மறுபடி அளந்து பார்க்க வேண்டியது நம் வேலை.

கொ, கோ போன்ற எழுத்துகளையும் யோசியுங்கள். கண் முதலில் சந்திப்பது கொம்பை. ஒலியில் முதலில் வருவது ககரம். துணைக்காலும் ரகரமும் பல அச்செழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். இவற்றோடு, வரி முடிவில் சொல்லை எந்த இடத்திலும் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் நம் அச்சு வழக்கம். பத்திரிகையில் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஏழு வயதுக்கு அது தண்டனை. ஒரு பக்கத்தில் எத்தனை கொம்புகள் வருகின்றன, எந்த எழுத்துரு, வரி எங்கே முடிகிறது என்பதெல்லாம் முதல் வாசிப்பு நூலின் ஆசிரியர் கவலைப்பட வேண்டிய விஷயங்கள். வடிவ ஒற்றுமை பார்த்து ட, ப, ம என்று தொடங்கிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்த ஞானம் உண்டு. அவர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் பழக்கம் குறைவு.

பிறகு பேச்சு. வீட்டில் ‘வந்துட்டான்’ என்று சொல்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’. முதல் புத்தகத்திலேயே இரண்டு தமிழையும் மோதவிட வேண்டுமா? பேச்சுத்தமிழிலேயே எழுதிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். உரையாடலுக்குச் சரி என்பேன். கதை முழுவதும் என்றால் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி உடனே வரும். இதைவிடச் சாமர்த்தியமான வழி, இரண்டும் பிரியாத இடமாகப் பார்த்துக் கால் வைப்பது. வா, போ, ஓடு என்னும் ஏவல்கள், பெயர்கள், விளிகள், வினையே இல்லாத வாக்கியங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நம் இரட்டைக்கிளவிகள். சலசல, மடமட, கிடுகிடு போன்றவை வீட்டிலும் புத்தகத்திலும் ஒன்றுபோலவே ஒலிப்பவை. இரண்டு எழுத்தை வாசித்தால் அடுத்த இரண்டு இலவசம். சளி பிடித்த யானை ஒன்றின் தும்மலை வைத்து அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ பிள்ளைகளிடம் அவ்வளவு எடுபடுவதற்கு அந்த ஓசைதான் பாதிக் காரணம். மீதிக் காரணம், எழுதியவரும் வரைந்தவரும் ஒரே ஆள்.

இப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. 1996 முதல் சென்னையில் இயங்கும் தூலிகா, ‘கஜபதி குலபதி’ உட்படப் பல படக்கதைகளைத் தமிழிலும் பிற மொழிகளிலும் ஒரே நேரத்தில் கொண்டுவருகிறது. பாரதி புத்தகாலயமும் வானம் பதிப்பகமும் விடாமல் முயல்கின்றன. 1994-ல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், கோண்டு ஓவியர்களைக் கொண்டு கையாலேயே அச்சிட்ட நூல்கள் உலகம் சுற்றி, 2013-ல் ஆசியாவின் சிறந்த சிறார் பதிப்பகம் என்ற போலோன்யா விருதை வாங்கித் தந்தன. சென்னையில் உருவாகும் அந்தப் புத்தகங்களைச் சென்னைப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால், குற்றம் பதிப்பகத்தின் மேல் இல்லை. தமிழில் போட்டால் வாங்குகிறவர் யார்?

கணக்கு எளிது. நான்கு வண்ண அச்சில் ஆரம்பச் செலவு அதிகம். ஆயிரம் படி அடித்தால் ஒரு படியின் விலை தாங்காது, பத்தாயிரம் அடித்தால் தாங்கும். ஒரே ஓவியத்தைப் பல மொழிக்கும் சேர்த்து அச்சிட்டு, எழுத்து இருக்கும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றிச் செலவைப் பகிர்ந்துகொள்வது ஒரு தந்திரம். அப்போது ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அதே இடத்தில் நீளமான தமிழை நுழைக்க வேண்டியிருக்கும், எழுத்தின் அளவு சுருங்கும். நம் தலைமுறையில் பலர் கையில் தவழ்ந்த சோவியத் சிறார் நூல்கள் அவ்வளவு மலிவாகவும் அவ்வளவு வண்ணமாகவும் இருந்ததற்குக் காரணம், செலவை அந்த அரசு ஏற்றதுதான். 1991-க்குப் பிறகு அந்தக் குழாய் நின்றது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பெரிய வாங்குநர் நம்மிடமே இருக்கிறார்: பொது நூலகத் துறை.

1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கும் மாநிலம் இது. ஆனால், அத்துறை நெடுங்காலம் புத்தகங்களுக்கு விலை வைத்தது பாரக் கணக்கில். 16 பக்கம் ஒரு பாரம். பாரத்துக்கு இவ்வளவு ரூபாய். இந்தத் தராசில் 24 பக்கப் படக்கதை ஒன்றரைப் பாரத் துண்டுப் பிரசுரம். தாளுக்கும் மைக்கும் கணக்கு உண்டு. ஓவியர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததற்கு அதில் பத்தி இல்லை. பக்கத்தைக் கூட்டினால்தான் பணம் என்ற நிலையில் எந்தப் பதிப்பாளர் சொற்களைக் குறைப்பார்? படக்கதை நூல்களைத் தனி வகையாக்கி, பக்கத்தைப் பார்க்காமல் தரம் பார்த்து, ஒரு தலைப்புக்கு ஐயாயிரம் படிக்குக் குறையாமல் வாங்குவோம் என்று அரசு ஒரே ஓர் ஆணை போட்டால், அடுத்த புத்தகக் காட்சிக்குள் இந்தத் துறையின் முகம் மாறிவிடும்.

அரசால் முடியாது என்றும் சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’ ஐம்பதுக்கும் மேற்பட்ட 16 பக்கச் சிறு நூல்களோடு வந்தது. ‘நுழை, நட, ஓடு, பற’ என்று அவற்றுக்கு நான்கு படிகள். வயதையோ வகுப்பையோ வைத்துப் பிரிக்காமல், வாசிக்கிற நிலையை வைத்துப் பிரித்தார்கள். ஆறாம் வகுப்பு மாணவன் ‘நுழை’யை எடுக்கக் கூச வேண்டியதில்லை. இதைத் தொடங்கியவர்களை மனதாரப் பாராட்டலாம். குறை, இது ஒரு திட்டமாக இருப்பது. அதிகாரி மாறினால் திட்டம் மாறும். நியூசிலாந்து 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய ‘ஸ்கூல் ஜர்னல்’ இதழ் நூறாண்டுக்கு மேல் நின்றது. அங்கே புது வாசகர்களுக்கென்று 1963-ல் அரசே தொடங்கிய நூல்வரிசை தலைமுறைகளைத் தாண்டியது.

இதில் ஓவியரின் இடம் என்ன? அட்டையில் எழுத்தாளர் பெயர் இருக்கும். ஓவியர் பெயர் உள்ளே, பதிப்பு விவரங்களோடு பொடி எழுத்தில். எழுத்தாளருக்கு உரிமைத்தொகை, ஓவியருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலி. கதை முழுவதும் எழுதி முடித்தபின், எட்டுப் படம் வேண்டும், பத்து நாளில் வேண்டும் என்று கேட்கிற வழக்கத்தில் எழுத்து சொன்னதைத்தான் படம் திரும்பச் சொல்லும். வேறு என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் படக்கதை ஓவியர்களுக்கென்றே கால்டிகாட் பதக்கம் 1938 முதல் தரப்படுகிறது. பால சாகித்திய புரஸ்கார் எழுத்தாளருக்கு மட்டும். தமிழ்நாடு அரசு ஓவியருக்கென ஒரு விருது வைக்கலாம். பதிப்பாளர்கள் அதற்குக் காத்திருக்காமல் நாளையே அட்டையில் இரண்டு பெயர் போடலாம், அதற்குக் காசு ஆகாது.

கடைசியாக, யார் வாசித்துக் காட்டுவது? இரவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வாசிக்கும் காட்சி நம் ஊரில் சில வீடுகளில்தான் நடக்கும். மற்ற வீடுகளுக்கு ஆசிரியரும் தன்னார்வலரும்தான் அந்த மடி. முப்பது பிள்ளைகளுக்கு ஒருவர் வாசிக்கும்போது உள்ளங்கை அளவுப் புத்தகம் மூன்றாம் வரிசைக்குத் தெரியாது. ஒவ்வொரு பள்ளிக்கும் சில கதைகளாவது சுவரொட்டி அளவில் வேண்டும். அதே கதையின் சிறிய படி பிள்ளைகள் கையில் வேண்டும்.

அந்தப் படிகள் பிள்ளைகள் கைக்குப் போவதுதான் ஆகக் கடினம். பல பள்ளிகளில் வண்ணப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. தலைமையாசிரியர்களைத் திட்டிப் பயனில்லை. புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. காணாமல் போனால், கிழிந்தால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சாக்பீஸ் தீர்ந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரையிலான கதைப் புத்தகங்களையும் சாக்பீஸைப் போலத் தீர்ந்துபோகும் பொருட்களின் பட்டியலில் சேர்த்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கிழிந்து தீரும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு, கிழிந்த எண்ணிக்கை குறைவாக இருக்கிற பள்ளியைக் கூப்பிட்டு ஏன் குறைந்தது என்று கேட்கும்படி ஒரு சுற்றறிக்கை வர வேண்டும்.